ஐந்து கிராம் மயில்துத்தத்தில் எத்தனை அணுக்கள்: ஆய்வகத்தில் மூன்று முயற்சிகள்

பதினொன்றாம் வகுப்பில் மோல் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் பலகையில் எழுதும் கணக்கு ஒன்று உண்டு. மயில்துத்தம் என்று நாம் அழைக்கும் காப்பர் சல்பேட் படிகம் 5 கிராமில் மொத்தம் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதே அது. நிறையை மோலார் நிறையால் (ஒரு மோல் பொருளின் கிராம் நிறை) வகுத்து, அவகாட்ரோ எண்ணால் (ஒரு மோலில் உள்ள அலகுகளின் எண்ணிக்கை, 6.022 × 10²³) பெருக்கி, ஒரு வாய்ப்பாட்டு அலகில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையால் மீண்டும் பெருக்கினால் விடை வந்துவிடும். மூன்று வரியில் முடியும் இந்தக் கணக்கை இந்த ஆண்டும் வழக்கம்போல் முடித்துவிட்டு, படிகத்தைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஆய்வகப் பாட்டிலை மேசைமேல் வைத்தேன். முதல் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சார், மேல இருக்கிற கல்லெல்லாம் வெளுத்துப்போய் இருக்கே, அந்த அஞ்சு தண்ணியும் இன்னும் இதுல இருக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

பாட்டிலின் மேல்மட்டத்தில் இருந்த படிகங்கள் உண்மையிலேயே நீலம் மங்கி, மாவு பூசியதுபோல் இருந்தன. உலர்ந்த காற்றில் நெடுங்காலம் இருக்கும் மயில்துத்தம் தன் படிக நீரைச் சிறிது சிறிதாக இழக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாட்டிலில் இருப்பது எவ்வளவு இழந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. லேபிளில் அச்சிட்டிருந்த CuSO₄·5H₂O என்ற வாய்ப்பாட்டை நம்பித்தான் கணக்கை எழுதியிருந்தேன். அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அந்த அளவீட்டின் பதிவுதான் இது.

நீர் இத்தனை முக்கியமா என்று கேட்பவர்களுக்கு முதலில் எண்ணிக்கையைக் காட்டிவிடுகிறேன். காப்பர் சல்பேட் படிகத்தின் ஒரு வாய்ப்பாட்டு அலகில் ஒரு தாமிர அணு, ஒரு கந்தக அணு, சல்பேட்டுக்குரிய நான்கு ஆக்சிஜன் அணுக்கள், அவற்றோடு ஐந்து நீர் மூலக்கூறுகள் உள்ளன. நீர் மூலக்கூறு ஒன்றுக்கு மூன்று அணுக்கள் என்பதால் நீரிலிருந்து மட்டும் பதினைந்து அணுக்கள் வருகின்றன; மொத்தம் இருபத்தொன்று. உப்பு என்று நாம் நினைக்கும் பகுதியின் பங்கு ஆறே அணுக்கள்தான். நீர் இருப்பதை மறந்து, 5 கிராமையும் நீரற்ற காப்பர் சல்பேட்டாகக் கொண்டு கணக்கிட்டால் 1.13 × 10²³ அணுக்கள் என்று விடை வரும். ஐந்து நீரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2.53 × 10²³. ஒரே பாட்டில், ஒரே 5 கிராம். வாய்ப்பாட்டில் ஒரு புள்ளிக்குப் பின்னால் எழுதும் பகுதியைப் படித்தோமா விட்டோமா என்பதைப் பொறுத்து விடை இரண்டு மடங்குக்கும் மேல் மாறுகிறது. விடைத்தாள் திருத்தும்போது நான் மிக அதிகமாகக் காணும் பிழையும் இதுதான்.

நீரை அளக்கும் முறை பழையது, எளியது. படிகத்தை எடையிட்டு, சூடாக்கி, நீரை முழுவதும் வெளியேற்றி, எஞ்சியதை எடையிட வேண்டும். இழந்த நிறை நீருடையது. எஞ்சியது நீரற்ற காப்பர் சல்பேட். இரண்டையும் மோலாக மாற்றி வகுத்தால் ஒரு தாமிர அணுவுக்கு எத்தனை நீர் மூலக்கூறுகள் என்பது கிடைத்துவிடும். கையில் இருந்தவை 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு, இரண்டு பீங்கான் கிண்ணங்கள், இடுக்கி, பர்னர், 360 டிகிரி செல்சியஸ் வரை அளக்கும் தெர்மாமீட்டர், மூடி இறுக்கமாக அமரும் பழைய டெசிகேட்டர் (பொருளை ஈரம் படாமல் வைக்கும் கண்ணாடிக் கலம்) ஒன்று. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்; மூன்று பிற்பகல்கள் ஆயின.

முதல் முயற்சியில் வெறும் கிண்ணத்தின் நிறை 38.42 கிராம். பாட்டிலில் கைக்கு வந்த கற்களை அப்படியே அள்ளிப் போட்டபோது 43.53 ஆயிற்று; ஆக 5.11 கிராம் படிகம். கிண்ணத்தைக் கம்பிவலை மீது வைத்து நேராகப் பர்னரைப் பற்றவைத்தேன். ஓரிரு நிமிடத்தில் பெரிய கற்கள் படபடவென்று வெடித்துத் தெறிக்கத் தொடங்கின. படிகம் வளரும்போது அதற்குள் சிறைப்பட்டுவிடும் கரைசல்துளிகள் சூட்டில் ஆவியாகிக் கல்லைப் பிளப்பதால் இது நிகழ்கிறது. சில துணுக்குகள் கிண்ணத்தைத் தாண்டி மேசையில் விழுந்ததைப் பார்த்தும், பொறுக்கி மீண்டும் உள்ளே போடலாம் என்று தொடர்ந்தேன். நீலம் போய் வெண்மை வந்தது. கலக்கிப் பார்த்தபோது அடிப்பகுதியில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன, மூக்கில் நெடி ஏறியது. உடனே அணைத்து, சன்னல்களை எல்லாம் திறந்துவிட்டேன்.

கறுத்தது காப்பர் ஆக்சைடு. நீர் முழுவதும் போன பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் சல்பேட்டே சிதைந்து, கந்தக ஆக்சைடு வாயுக்களாக வெளியேறும்; அந்த நெடி அவற்றினுடையது, சுவாசிக்கத் தகாதது. ஆறிய பின் எடையிட்டால் 41.49. அதாவது எஞ்சியது 3.07 கிராம், இழந்தது 2.04 கிராம். இதைக் கணக்கிட்டால் ஒரு தாமிரத்துக்கு 5.9 நீர் வருகிறது. வெளுத்துப்போன, நீரை இழந்த படிகத்தில் ஐந்துக்கும் மேல் நீர் இருக்க வழியே இல்லை. தெறித்துப் போன உப்பையும் வாயுவாகிப் போன கந்தகத்தையும் தராசு எனக்கு நீராகவே காட்டியது. போனது எது என்று தராசுக்குத் தெரியாது. வெளியே போனது நீர் மட்டும்தான் என்பதைச் செய்முறைதான் உறுதிசெய்ய வேண்டும்.

இரண்டாம் முயற்சியில் மணல் வைத்துச் சூடாக்கினேன். இரும்புத் தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி, கிண்ணத்தைப் பாதி ஆழத்துக்குப் புதைத்து, தெர்மாமீட்டரின் குமிழைக் கிண்ணத்தின் அருகில் மணலுக்குள் செருகி, சூட்டை 230 முதல் 250 டிகிரிக்குள் நிறுத்தினேன். இந்த எல்லைக்குக் காரணம் உண்டு. மயில்துத்தம் தன் ஐந்து நீரையும் ஒரே மூச்சில் விடுவதில்லை. ஏறத்தாழ 63 டிகிரியில் இரண்டு, 109 டிகிரி அளவில் இன்னும் இரண்டு, கடைசி ஒன்று 200 டிகிரி அளவில்தான் விடுபடுகிறது. படிகத்துக்குள் ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகப் பிணைந்துள்ளன; ஐந்தாவது, தாமிரத்தைத் தொடாமல் சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. நீல நிறமும் தாமிரத்தைச் சூழ்ந்துள்ள அந்த நீரினால் வருவதே. ஆகையால் 200 டிகிரியைத் தாண்டியாக வேண்டும். சல்பேட் சிதையும் சூட்டுக்கு வெகு கீழேயும் இருக்க வேண்டும். கற்களை உரலில் இட்டு முன்கூட்டியே பொடித்துக்கொண்டதால் இம்முறை தெறிப்பும் இல்லை.

சூடாக்குவதில் சிக்கல் எதுவும் எழவில்லை. கிண்ணம் 38.42, படிகப் பொடியோடு 43.47, ஆக 5.05 கிராம் என்று தொடங்கி, ஒரு மணிநேரத்துக்குப் பிறகு சாம்பல் சாயல் கொண்ட வெள்ளைப் பொடி கிடைத்தது. பொறுமை இல்லாமல், கிண்ணம் முழுவதும் ஆறும் முன்பே தராசில் வைத்தேன். முதலில் 41.58 காட்டியது. பிறகு 41.60, 41.61 என்று ஏறத் தொடங்கியது. சூடான கிண்ணத்தைச் சுற்றியுள்ள காற்று மேலெழுந்து தட்டைச் சற்றே தூக்குவதால் எடை குறைவாகக் காட்டும். கிண்ணம் ஆற ஆற அந்தப் பிழை குறையும். அதற்காகக் காத்திருந்தேன். கையால் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் கிண்ணம் குளிர்ந்த பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. 41.66, 41.67, சிறிது நேரம் கழித்து 41.68. மின்விசிறியை நிறுத்தியிருந்தேன், தராசின் மட்டக்குமிழ் நடுவில்தான் இருந்தது. வெள்ளைப் பொடியின் ஓரத்தை உற்றுப் பார்த்தபோதுதான் விளங்கியது. அங்கே மிக மெல்லிய நீலச் சாயல் படர்ந்துகொண்டிருந்தது. நீரற்ற காப்பர் சல்பேட் அறைக்காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். தராசின் கடைசி இலக்கம் ஒன்று கூடுவதற்கு 0.01 கிராம் நீர் வந்து சேர வேண்டும். அதை 18.015 என்னும் நீரின் மோலார் நிறையால் வகுத்து அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் 3.3 × 10²⁰ மூலக்கூறுகள். அணுக்களாக எண்ணினால் ஏறத்தாழ 10²¹. அந்த இலக்கம் ஏழிலிருந்து எட்டாக மாறிய அந்தச் சிறு பொழுதில் காற்றிலிருந்து வந்து சேர்ந்தவை ஒரு கோடி கோடி கோடி அணுக்கள் என்று வாயால் சொல்லித் தடுமாறுவதைவிட, ஒன்றுக்குப் பின் இருபத்தொரு சுழியம் என்று எழுதுவதே தெளிவு. இத்தனை ஆண்டுகளாக அடுக்குக்குறியை எழுதுகிறேன். அது ஒரு தராசுத் திரையில் நகர்வதை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அளவீடு வீணாயிற்று. 41.64 என்று எடுத்துக்கொண்டால் விகிதம் 5.03 வருகிறது, இறுதியில் நின்ற 41.72 என்று எடுத்துக்கொண்டால் 4.70 வருகிறது. ஐந்துக்கு அருகில் இருக்கும் எண்ணைத் தரும் எடையைத் தேர்ந்துகொள்ளும் ஆசை எனக்கும் வந்தது. விடையைத் தெரிந்துகொண்டு எடையைத் தேர்ந்தெடுத்தால் அது அளவீடு ஆகாது என்பதால், பதிவேட்டில் இரண்டையும் எழுதி, குறுக்கே கோடிட்டு, "ஈரம் உறிஞ்சியது, ஏற்கத்தக்கதல்ல" என்று குறித்தேன்.

மூன்றாம் முயற்சிக்கு முன் இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். முதலாவது, டெசிகேட்டரின் அடியில் நீரற்ற கால்சியம் குளோரைடைப் புதிதாக நிரப்பி, மூடியின் விளிம்பில் வாசலின் தடவி, சூடான கிண்ணம் உலர்ந்த காற்றில் மட்டுமே ஆறும்படி செய்தேன். இரண்டாவது, ஒப்பிடுவதற்கு நம்பத்தகுந்த படிகம் தேவைப்பட்டது. பாட்டிலின் அடியில் இருந்த உப்பைச் சுடுநீரில் கரைத்து, ஒரு துளி நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, வடிகட்டி, இரவு முழுவதும் அசையாமல் ஆறவிட்டேன். காலையில் முகவையின் அடியில் சாய்சதுர முகங்களோடு, கண்ணாடிபோல் தெளிந்த ஆழ்நீலக் கற்கள் கிடந்தன. வடிதாளில் ஒற்றி எடுத்து, பொடித்து, மீண்டும் புதிய வடிதாள்களுக்கிடையே அழுத்தி, தாளில் ஒட்டாமல் உதிரும்வரை உலர்த்தினேன். பொடித்தால் ஆழ்நீலம் வெளிர்நீலமாகிவிடும். அது நீர் போனதால் அல்ல, துகள் சிறுத்ததால் வரும் மாற்றம் என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஒரே மணல் தட்டில் இரண்டு கிண்ணங்கள். முதல் கிண்ணத்தில் புதிய படிகம், இரண்டாவதில் பாட்டிலின் மேல்மட்டத்து வெளுத்த படிகம். முதல் கிண்ணம் 38.42, படிகத்தோடு 43.41; ஆக 4.99 கிராம். அரை மணிநேரம் சூடாக்கி, டெசிகேட்டரில் ஆறவிட்டு எடையிட்டபோது 41.74. மீண்டும் சூடாக்கியபோது 41.63. மூன்றாம் முறை 41.62. நான்காம் முறையும் 41.62. அடுத்தடுத்த இரண்டு எடைகள் மாறாமல் நின்றால்தான் நீர் முழுவதும் போய்விட்டது என்று கொள்ளலாம். முதல் எடையோடு நிறுத்தியிருந்தால் 0.12 கிராம் நீரை உப்பின் கணக்கில் எழுதியிருப்பேன். எஞ்சியது 3.20 கிராம், இழந்தது 1.79 கிராம்.

இனிக் கணக்கு. தாமிரத்தின் அணு நிறை 63.546, கந்தகம் 32.06, ஆக்சிஜன் 15.999, ஹைட்ரஜன் 1.008. கந்தகத்துக்கு இரண்டு தசம இடங்களோடு நிறுத்தியிருப்பது சோம்பலால் அல்ல. கந்தகத்தின் ஐசோடோப்புகளின் (நிறையில் மட்டும் வேறுபடும் அணு வகைகளின்) விகிதம் அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்துச் சிறிது மாறுவதால், அதற்குமேல் நுட்பமாக எல்லா மாதிரிக்கும் பொதுவான ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. இவற்றைக் கூட்டினால் நீரற்ற உப்பின் மோலார் நிறை 159.60, ஐந்து நீரோடு 249.68. எனவே உப்பு 3.20 ÷ 159.60 = 0.02005 மோல். நீர் 1.79 ÷ 18.015 = 0.0994 மோல். விகிதம் 4.96. ஒவ்வொரு எடையிலும் 0.01 கிராம் ஐயம் உண்டு என்று கொண்டு கணக்கிட்டால் விகிதத்தில் 0.05 அளவு ஐயம் வருகிறது. ஐந்து என்பது அந்த எல்லைக்குள் அமைகிறது.

விகிதம் ஐந்து என்று உறுதியானதும் அணுக்களை எண்ணலாம். 4.99 ÷ 249.68 = 0.01999 மோல். 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் 1.204 × 10²² வாய்ப்பாட்டு அலகுகள். இது அயனிப் படிகம் என்பதால் மூலக்கூறுகள் என்று சொல்லாமல் அலகுகள் என்றே சொல்கிறேன். தாமிரமும் கந்தகமும் தலா 1.20 × 10²² அணுக்கள்; ஆக்சிஜன் அதன் ஒன்பது மடங்கு, 1.08 × 10²³. ஹைட்ரஜன் பத்து மடங்கு, 1.20 × 10²³. மொத்தம் 2.53 × 10²³. நிறையில் வெறும் 4 விழுக்காடாக இருக்கும் ஹைட்ரஜன், எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதியாக நிற்கிறது என்பதை மாணவர்கள் கையால் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வதில் அந்த வியப்பு வராது.

வாய்ப்பாட்டை நம்பாமல், அளந்த எண்களை மட்டுமே கொண்டும் இதே விடையைச் சரிபார்த்தேன். உப்பின் 0.02005 மோலை ஆறாலும், நீரின் 0.0994 மோலை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 0.4184 மோல் அணுக்கள், எண்ணிக்கையில் 2.52 × 10²³. இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு. கால்குலேட்டர் பத்து இலக்கங்களைக் காட்டினாலும் மூன்று முக்கிய எண்ணுருக்களோடு நிறுத்துகிறேன், ஏனெனில் என் தராசுக்கு அதற்குமேல் சொல்ல உரிமை இல்லை.

இந்தக் கணக்கில் ஐயமே இல்லாத எண் ஒன்று உண்டு. அது அவகாட்ரோ எண். 2019 மே 20 முதல் அது அளக்கப்படும் எண்ணாக இல்லாமல், 6.02214076 × 10²³ என்று வரையறுக்கப்பட்ட எண்ணாகிவிட்டது. அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்பதே வரையறை. அந்த எண் எவ்வளவு என்று அளந்துதான் அறிய வேண்டியிருந்தது. 1811 இல் தன் கருதுகோளை வெளியிட்ட அவகாட்ரோ இந்த எண்ணைக் கண்டதே இல்லை. 1865 இல் லோஷ்மிட் மூலக்கூறுகளின் அளவை மதிப்பிட்டு இதற்கு வழி திறந்தார். 1909 இல் ஜான் பெரன் அவகாட்ரோவின் பெயரை இதற்குச் சூட்டினார். கடைசிக் கட்டத்தில், சிலிக்கான்-28 ஐசோடோப்பால் ஆன, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ள, குறையற்ற உருண்டை ஒன்றைக் கடைந்து, அதன் விட்டத்தையும் படிக அணிக்கோவையின் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பின்) இடைவெளியையும் அளந்து, அந்த அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய பகுதியான அலகுக்கூடு ஒன்றுக்கு எட்டு அணுக்கள் என்ற கணக்கில் உருண்டையில் உள்ள அணுக்களை எண்ணினார்கள். அவர்களும் உருண்டையின் மேற்பரப்பில் படிந்திருந்த ஆக்சைடுப் படலத்தையும் ஒட்டியிருந்த நீரையும் தனியே அளந்து கழிக்க வேண்டியிருந்தது. மாதிரியில் எது இருக்கிறது, எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற கவலை அந்த உயரத்திலும் விடவில்லை.

இரண்டாவது கிண்ணத்துக்கு வருகிறேன். வெறும் கிண்ணம் 36.75, வெளுத்த படிகத்தோடு 41.77, நிறை மாறாமல் நின்றபோது 40.01. மொத்தம் 5.02 கிராமில் உப்பு 3.26, நீர் 1.76. விகிதம் 4.78; ஐயத்தின் எல்லையைத் தாண்டிய குறைவு. லேபிளின்படி கணக்கிட்டால் அதில் 2.54 × 10²³ அணுக்கள் இருக்க வேண்டும். உண்மையில் இருந்தவை 2.50 × 10²³. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றரை அளவுதான் என்றாலும், எண்ணிக்கையில் அது 4 × 10²¹ அணுக்கள். மாணவியின் ஐயம் சரி என்று மறுநாள் வகுப்பில் சொல்லி, பதிவேட்டை அவளிடமே கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன்.

முதல் கிண்ணத்தை மட்டும் கழுவாமல், மூடாமல், வகுப்பறை சன்னலோரத்தில் ஓர் இரவு வைத்திருந்தேன். காலையில் வெண்மை போய் வெளிர்நீலம் பரவியிருந்தது, எடை 42.36. முந்தைய நாளின் 41.62 ஐயும் எழுதி, "இப்போது இதில் எத்தனை அணுக்கள்?" என்று மட்டும் பலகையில் கேட்டேன். வாய்ப்பாடு கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது, அந்த நிலையில் இருந்த கலவைக்கு எந்த லேபிளும் இல்லை. சேர்ந்த நீர் 0.74 கிராம், அதாவது 0.0411 மோல், ஒரு தாமிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு நீர், மொத்தம் 1.47 × 10²³ அணுக்கள் என்று பத்து நிமிடத்தில் வகுப்பில் பாதிப்பேர் வந்துவிட்டார்கள். முதல் வரிசையிலிருந்து மட்டும் விடை வரவில்லை. நோட்டில் கணக்கை முடித்துவிட்டு, சன்னலைப் பார்த்தபடி அவள் கேட்டாள்: "சார், இது காலைல எடுத்த எடைதானே? எழுதுறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை வச்சுப் பாத்துடலாமா?"

தராசை எடுத்து வந்தேன். 42.39.